மணி அடிக்கவில்லை

பிப்ரவரி 11

நாத்தனாருக்கு,

ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் பண்ணியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் பாதியில் கோபம் வந்து வைத்துவிடுவேன். நீ எனக்கு முன்னால் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எனக்கு மார்பில் புற்றுநோய். வலது பக்கம். டிசம்பரில் முழுதாக எடுத்துவிட்டார்கள்.

போன ஜூலையில் குளிக்கும்போது சோப்புக் கை ஒரு இடத்தில் நின்றது. உள்ளே கொண்டைக்கடலை அளவுக்கு ஏதோ. வலி இல்லை. வலிக்காததை யார் மதிக்கிறார்கள்? அறுபத்தாறு வயதில் துணியை விலக்கி ஒருவரிடம் காட்டுவதா என்ற கூச்சத்திலேயே மூன்று மாதம் போயிற்று. பிறகு தெருமுனை டாக்டரிடம் போய், "நெஞ்சுல ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவரும் தொட்டுப் பார்க்கவில்லை. "வயசாச்சுல்லம்மா, வாயு" என்று மாத்திரை எழுதினார். வாயு என்று அவர் சொன்னதில் தப்பில்லை. எந்த வாயு என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர். அவள்தான் கேட்டாள்: "நீங்க என்ன வேலை பாத்தீங்கம்மா?" அதுவரை யாரும் கேட்டதில்லை. இருபத்தாறு வருஷம் ஊசி, டியூப், கையுறையெல்லாம் பெட்டியில் அடுக்கினேன், அதை இரும்பு அறைக்குள் வைத்துக் கிருமி சாக வாயு ஏற்றுவார்கள், பிறகு நாங்களே வெளியே எடுத்து லாரிக்கு அனுப்புவோம் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "உங்ககூட எத்தனை பேர்?" என்றாள்.

என் மேஜையில் பதினோரு பேர். நெட்டை இதே நோயில் போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும். பாட்டுக்காரிக்கு இரண்டு பக்கமும் எடுத்தாயிற்று. இரட்டைப்பிள்ளைக்காரி, கணக்குப்பிள்ளை மனைவி, இப்போது நான். ஐந்து.

தொழிலாளர் துறையில் விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் 20. பெட்டிகளைப் பன்னிரண்டு மணி நேரம் ஆறவைத்த பிறகுதான் தொடவிட்டோம், வாயு கசிந்தால் அலறும் எச்சரிக்கை மணி ஒருநாளும் அடித்ததில்லை என்று கம்பெனி சொல்கிறது. அதற்குச் சாட்சியாகப் பத்தொன்பது வருஷத்துப் பதிவேடுகளைக் கொடுத்திருக்கிறது. எல்லாம் சூப்பர்வைசராக நீ போட்ட கையெழுத்து.

வந்து நடந்ததைச் சொல். வேறொன்றும் கேட்கவில்லை.

அண்ணி


பிப்ரவரி 24, காலை 10.20

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் 17ஆம் தேதி வந்தது. உடனே எழுதினால் எதையாவது எழுதிவிடுவேன் என்று ஒரு வாரம் வைத்திருந்தேன். உங்கள் உடம்பு இப்படி ஆனதில் எனக்கு வருத்தம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஆனால் ஒன்பது வருஷம் கழித்து எழுதிய முதல் கடிதத்தில் "எப்படி இருக்கிறாய்" என்று ஒரு வரி இல்லை. நான் இங்கே மகன் வீட்டில் இருக்கிறேன். முழங்கால் வலி, மற்றபடி குறையில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

இந்த நோய் யாருக்குத்தான் வரவில்லை? எங்கள் தெருவில் ஒரு டீச்சர், சாக்பீஸ் தவிர எதையும் தொடாதவர், அவருக்கும் சந்தேகம் என்கிறார்கள். தண்ணீரில் மருந்து, காய்கறியில் மருந்து, தலைச்சாயத்தில் மருந்து. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கம்பெனிக் கூடத்தை மட்டும் பிடித்துக்கொள்வது ஏன்? ஏனென்றால் அங்கே நான் இருந்தேன்.

நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மணி அடிக்கவில்லை என்று எழுதினேன். அடிக்கவில்லைதான்.

உங்களை வேலையை விட்டு அனுப்பியது மேனேஜர். நெட்டை இறந்த பிறகு ஏழு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனீர்கள். யார் கூட்டிவந்தது என்று என்னைக் கேட்டார், சொன்னேன். சொல்லாமல் இருந்தால் ஏழு பேரையும் அனுப்பியிருப்பார். இதை அண்ணனிடம் விளக்க எனக்கு ஒரு வாய்ப்புத் தரப்படவில்லை. அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது வாசல்வரை வந்தேன். "உள்ள வர வேணாம்னு சொல்லச் சொன்னாரு" என்று நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். அவர் சொன்னாரா, நீங்களாகச் சொன்னீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்று. என் நாற்காலியில் இப்போது பாப்பா உட்கார்ந்திருக்கிறாள். நான் வாயைத் திறந்தால் என் மகள் கதி என்ன? அதை யோசித்தீர்களா?

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 5

நாத்தனாருக்கு,

எப்படி இருக்கிறாய்? இதோ, கேட்டுவிட்டேன்.

பாப்பாவை யோசிக்காமல் இல்லை. தினமும் காலையில் கம்பெனி வேன் என் வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். என்னைக் கண்டதும் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். நாற்பத்தொரு வயது ஆகிவிட்டது, நாம் இன்னும் பாப்பா என்கிறோம். நான் எழுதியதே பாதி அவளுக்காகத்தான். அந்த நாற்காலி எங்கே இருக்கிறது? வாயு அறைக் கதவிலிருந்து பத்தடி. கண்ணாடித் தடுப்பு இருக்கிறது என்பாய். கண்ணாடிக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி இருப்பது உனக்குத் தெரியாதா?

யாருக்குத்தான் வரவில்லை என்று கேட்டாய். நானும் டாக்டரிடம் அதையேதான் கேட்டேன். அவள் அளந்து பேசுகிறவள். "உங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. யாராலயும் முடியாது. ஆனா அந்த வாயுவை வருஷக்கணக்கா சுவாசிச்சவங்களுக்கு ஆபத்து கூடுது. இருபது வருஷம் கழிச்சுக்கூட வெளிய வரலாம். வயசானா வர்றதுதானேன்னு எல்லாரும் விட்டுடறாங்க" என்றாள்.

மணி அடிக்கவில்லைதான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன். தையல் போட்ட இடம் வலித்தது. சுவரில் அந்த மணிப்பெட்டியை மாட்டிய முதல் வாரம் நினைவிருக்கிறதா? கதவைத் திறந்ததுமே அலறும். நாங்கள் கும்பலாக வெயிலுக்கு ஓடிவந்து நிற்போம். நீ கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, "பத்து நிமிஷம் ஆச்சு, லாரி நிக்குது, உள்ள வாங்க" என்பாய். அதனால்தான் உனக்குக் கடிகாரம் என்று பெயர் வந்தது. அடுத்த திங்கள்கிழமை எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி, இரண்டு ஒயரைப் பிடுங்கி, மடித்து உள்ளே செருகினான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ.

முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால் இதையும் சொல்ல வேண்டும். அன்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். காது பிழைத்தது என்று பாட்டுக்காரி ஒரு பாட்டே கட்டினாள். தலைவலிக்கு மாத்திரை, கண் எரிச்சலுக்குத் தண்ணீர், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். தெரியாமல் இருந்தோம் நாங்கள். நீ மட்டும்தான் அந்த மணிப்பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்தாய்.

அண்ணி


மார்ச் 19, மாலை 4.05

அண்ணிக்கு,

விசாரணை பற்றி இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அவசரப்படுத்த வேண்டாம்.

வேறு ஒரு விஷயம். எங்கள் தெரு டீச்சர் சில சந்தேகங்கள் கேட்டார். உங்களுக்கு அனுபவம் இருப்பதால் கேட்டுச் சொல்லச் சொன்னார். வலியே இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டுமா? அமுக்கினால் நகராமல் அங்கேயே நின்றால் என்ன அர்த்தம்? காம்பு கொஞ்சம் உள்வாங்கியிருப்பது வயதினால் வருவதா? படம் எடுக்கும்போது ஆண்கள் இருப்பார்களா? அறுபத்து நான்கு வயதுக்கு மேல் இதற்கெல்லாம் போய் அலைவது வீண் என்று அவருடைய மருமகள் சொல்கிறாளாம்.

வசதிப்படும்போது எழுதினால் போதும்.

இப்படிக்கு,
நாத்தனார்


மார்ச் 21

நாத்தனாருக்கு,

வசதிப்படும்போது இல்லை, கடிதம் கிடைத்த அரைமணியில் எழுதுகிறேன். உன் டீச்சரிடம் இதை அப்படியே படித்துக்காட்டு.

வலி இல்லாததுதான் மோசம். நகராமல் நிற்பது நல்லதில்லை. காம்பு புதிதாக உள்வாங்கினால் வயது என்று விடக்கூடாது. தோல் ஆரஞ்சுப்பழத் தோல்போலக் குழிகுழியாக இருக்கிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று கண்ணாடி முன்னால் நின்று பார்க்கச் சொல். படம் எடுப்பது பெண்கள்தான். இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள், பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும். பிறகு ஊசி போட்டுத் துளி சதை எடுப்பார்கள். கட்டாயம் எடுக்கச் சொல்ல வேண்டும்.

என்னைப்போல "நெஞ்சுல ஒரு மாதிரி" என்று சுற்றிவளைக்கக் கூடாது. மார்பு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்த வேலை பார்த்தாள், எத்தனை வருஷம், எந்த வாயு என்பதையும் அவளே சொல்ல வேண்டும். அவர்களாகக் கேட்கமாட்டார்கள். டீச்சர் சாக்பீஸ் என்று சொல்லிவிட்டு வந்துவிடப் போகிறாள்.

மருமகளின் பேச்சைக் கேட்க வேண்டாம் என்று சொல். எனக்கு ஐந்து மாதம் வீணாகப் போயிற்று. அதை டாக்டர் என்னிடம் சொன்னபோது முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நாளைக்கே போகச் சொல். விசாரணைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அதற்குப் போகச் சொல்.

அண்ணி


ஏப்ரல் 23

நாத்தனாருக்கு,

நீ வரவில்லை.

குழுவில் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். "சூப்பர்வைசர் உங்க சொந்தக்காரங்களாமே, குடும்பப் பகை எதாவது உண்டா?" உண்டு என்றேன். இல்லை என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. கம்பெனி வக்கீலுக்கு அதுவே போதுமாயிருந்தது. பாட்டுக்காரி எழுந்து மணி கதையைச் சொன்னாள். அதற்குள் மூச்சு வாங்கி, பாதியில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்ப்பக்கம் பாப்பா. உன் பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மே மாதம் முப்பதுவரை எழுத்தில் கொடுக்கலாமாம். கொடுப்பாயா என்று இனி நான் கேட்கப் போவதில்லை.

டீச்சர் போனாளா?


மே 2

அண்ணி,

தெருவில் டீச்சர் யாரும் இல்லை.

இடது பக்கம். ஜனவரியிலேயே கையில் பட்டுவிட்டது, உங்கள் முதல் கடிதம் வருவதற்கு முன்பே. அந்தக் கடிதத்தைப் படித்தபோது நீங்கள் என்னைச் சபித்து எழுதியதுபோல இருந்தது. அதனால்தான் அப்படிப் பதில் எழுதினேன். மார்ச் கடைசியில் போய்க் காட்டினேன். வாய்விட்டுச் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. ஜூனில் அறுவை.

20ஆம் தேதி நான் வந்தேன். காலை பஸ்ஸில் வந்து இறங்கி, அந்த ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை ஓரம் நின்றேன். வேன் வந்தது. பாப்பா இறங்கினாள். என் பதிவேடுகளைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்றே தெரிந்தது.

நீங்கள் எந்தக் கடிதத்திலும் எழுதாததை நான் எழுதுகிறேன். பாப்பா பிறந்தபோது எனக்குக் காய்ச்சல், பால் கட்டிக்கொண்டது. உங்கள் பையனுக்கு ஆறு மாதம். நாற்பது நாள் இரண்டு பேரையும் மடியில் போட்டுக்கொண்டீர்கள். அவளுக்கு எந்தப் பக்கம் கொடுத்தீர்கள் என்று எனக்கு நினைவில்லை. நினைவுக்கு வரவேண்டாம் என்றுதான் இருக்கிறது.

இத்துடன் என் வாக்குமூலம் இருக்கிறது. ஒன்பது பக்கம், ஒவ்வொன்றிலும் கையெழுத்து. பன்னிரண்டு மணி நேரம் ஆற வேண்டிய பெட்டிகளை ஐந்து மணி நேரத்தில் எடுக்கச் சொன்னது நான். மேனேஜர் வாயால் சொன்னார், காகிதத்தில் இல்லை. ஏணியைப் பிடித்தது நான். அந்தப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் புற்றுநோய் என்ற வார்த்தை இருந்தது. நான் ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினேன். பாப்பாவின் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயம். வேலை போய்விடுமோ என்ற பயம் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை. இதெல்லாம் காரணம்தான், நியாயம் இல்லை.

பாப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. எதையும் சொல்லவில்லை.


மே 9

கிடைத்தது. நேற்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், முத்திரை வாங்கிக்கொண்டேன்.

நீ ஒன்பது பக்கம் எழுதினாய், நான் ஒன்பது வரியாவது எழுத வேண்டும். உன் அண்ணன் அன்று எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன். உன் குரல் உள்ளே கேட்டிருக்கிறது. நான் திரும்பிப் போனதும், "வாசல்ல யாரு, அவளா?" என்றார். "பக்கத்து வீட்டுக்காரி" என்றேன். அதன்பிறகு இரண்டு நாள் இருந்தார். அந்த இரண்டு நாளில் உன்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கலாம். எனக்கு வேலை போன கோபம் பெரிதாக இருந்தது.

அறுவை முடிந்ததும் கையைத் தூக்கித் தூக்கி இறக்கு. வலிக்கிறது என்று விட்டுவிடாதே, தோள் பூட்டிக்கொள்ளும்.

பாப்பாவிடம் நீயே சொல். அவள் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது.

அண்ணி


ஜூலை 3

நாத்தனாருக்கு,

தீர்ப்பு மாதிரி ஒரு காகிதம் வந்திருக்கிறது. தனித்தனியாக யாருடைய நோய்க்கும் இதுதான் காரணம் என்று நிறுவ முடியவில்லை என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், உன் வாக்குமூலத்தின் பேரில், மணியும் காற்றுப்போக்கியும் சரிசெய்யும்வரை கூடத்தை மூடச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை வேலை பார்த்த எல்லாப் பெண்களுக்கும் வருஷம் ஒருமுறை மார்புப் பரிசோதனை, வயது வரம்பு கிடையாது. பாட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில் வைத்து இதைப் படித்துக்காட்டினேன். "வயசு வரம்பு கிடையாதா? அப்ப நான் நூறு வயசுல வரேன்" என்றாள். நான்கு நாள் கழித்துப் போய்விட்டாள்.

அறுபது பெண்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைக் கண்டால் பாதிப்பேர் பேசுவதில்லை. ஒருத்தி என் வாசலில் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள். அவளைத் திட்ட மனம் வரவில்லை. அவளும் அதே கூடத்தில் பதினைந்து வருஷம்.

நேற்று மத்தியானம் பாப்பா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நீ போனில் எல்லாம் சொல்லிவிட்டாய் என்று தெரிந்தது. "உங்க ரெண்டு பேருக்கும் உண்மை சொல்ல இப்பதான் நேரம் கெடச்சுதா? நாலு வருஷமா அந்த நாற்காலில உக்காந்திருக்கேன். உக்கார வெச்சது எங்கம்மா. வேன்ல போறதைத் தினமும் பாத்தீங்களே அத்தை, ஒரு நாள் கையைக் காட்டி நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்று கத்தினாள். நிறுத்தியிருக்கலாம். உன்மேல் இருந்த கோபத்தில் உன் மகளையும் அந்த வேனில் விட்டுவிட்டேன்.

கத்தி முடித்ததும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள். "நானும் பாக்கணுமா அத்தை?" என்றாள். இன்று காலை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் படம் எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் இல்லை. இப்போதைக்கு என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னாள்.

அண்ணி


ஜூலை 15

அண்ணி,

கையைத் தூக்குகிறேன். காலையில் இருபது, மாலையில் இருபது. காதுவரை வருகிறது.

பாப்பா உங்களோடு போனதை நீங்கள் எழுதித்தான் அறிந்தேன். என்னோடு பேசுவதில்லை. நான் போன் செய்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறாள், மூச்சு கேட்கிறது, பேச்சு இல்லை. இரண்டு நிமிஷம் கழித்து நானே வைத்துவிடுகிறேன். வைக்காமல் இருக்கிறாளே என்று தோன்றுகிறது.

கதிர்வீச்சுச் சிகிச்சை இருபத்தைந்து நாள். இந்த ஊரில் அந்த வசதி இல்லை, உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். லாட்ஜில் தங்கிக்கொள்ள மகன் ஏற்பாடு செய்கிறான். உங்களுக்குத் தெரியாமல் வந்துபோனேன் என்று இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். எத்தனையோ தடவை எழுதி அடித்துவிட்டேன். என்னை மன்னிக்க முடியுமா?


ஜூலை 22

நாத்தனாருக்கு,

எனக்கு எலும்புக்குப் போய்விட்டது. முதுகில் இரண்டு இடம். போன வாரம் படத்தில் தெரிந்தது. பாப்பாதான் உடன் இருந்தாள், அவளுக்குத் தெரியும், நீ அவளிடம் கேட்டுத் துளைக்க வேண்டாம். எத்தனை நாள் என்று நான் டாக்டரைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. இன்னும் முடியவில்லை. நெட்டையை நினைத்தால் முடியவில்லை, பாட்டுக்காரி பாதியில் உட்கார்ந்ததை நினைத்தால் முடியவில்லை. முடிந்தது என்று எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். வாசலில் உன்னைத் திருப்பி அனுப்பியதற்கு நீ என்னை மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை, பார்த்தாயா.

லாட்ஜெல்லாம் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு என் வீட்டிலிருந்து ஒரே பஸ், உட்கார்ந்து போகலாம். உள் அறையில் உன் அண்ணன் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போடச் சொன்னேன், பாப்பா போட்டுவிட்டாள். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. புதுத் தலையணை உறை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வலது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கிக் கிடக்கிறது. இந்த ஒரு பக்கத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று. உன்மேல் இருக்கிற கோபத்தை இனித் தபாலில் அனுப்ப என்னால் ஆகாது. நேரில் வந்து வாங்கிக்கொள்.

அண்ணி